ஏறிக்கொண்டே போன முள்

எங்கள் வீட்டுக்காரர் அமீர் செங்கல்பட்டில் ஜீப் மெக்கானிக். ஊரில் அவருக்கு நல்ல பேர். என்னிடம் மட்டும் அந்தப் பேர் செல்லாது, இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டினவள் நான். கழற்றிப் போட்ட ஓட்டை வாஷரைக்கூட எறிய மாட்டார். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நான் சொல்வதையும் பாதிதான் நம்புவார், மீதியை விசாரித்துக்கொள்வார்.

எங்களுக்கென்று ஒரு ஜீப் இருந்தது. உலக யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் வந்து, நாலு கை மாறி எங்களிடம் சேர்ந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில், அதன் வாயும் அங்கேயேதான். பெட்ரோல் போட வேண்டுமானால் ஓட்டுகிறவர் இறங்கி சீட்டைத் தூக்க வேண்டும். முன்பலகை நடுவில் பெட்ரோல் அளவு காட்டும் முள் ஒன்று உண்டு. இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கோடு கோடாகக் கீறிய மூங்கில் குச்சி ஒன்றை சீட்டோரம் செருகி வைத்திருப்பார். எங்கே கிளம்பினாலும் சீட்டைத் தூக்கு, குச்சியை விடு, எந்தக் கோடு வரைக்கும் நனைந்திருக்கிறது பார். கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் தெருவில் நிற்பேன். இவர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் அம்மா சைனம்பு இதற்கு நேர் எதிர். திருவிடந்தையைத் தாண்டிக் கடலோரமாக அவள் வீடு. அரிசிப் பானைக்குள் அவள் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. பிஸ்மி சொல்லிக் கையை விட்டு அள்ளுவாள், மூடிவிடுவாள். மீதி எவ்வளவு என்று எங்களையும் பார்க்க விட மாட்டாள். அளந்தால் பரக்கத்து போய்விடும் என்பாள். அல்லா கண்ணுக்குத் தெரியாமல் கூட்டிக் கொடுப்பதுதான் பரக்கத்து. கூடுகிறது என்று தெரிந்தாலும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, சொன்ன நிமிஷம் நின்றுபோகுமாம். அப்பா போன பிறகு என்னையும் தம்பி முனீரையும் அவள் அந்தப் பானையை வைத்துத்தான் ஆளாக்கினாள். ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. அதனால் நான் அதை முழுசாக நம்பினேன்.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசி முடிகிற நேரம். ஒரு வாரமாகப் பேய் மழை. அம்மா படுக்கையில் விழுந்து இருபது நாள் ஆகியிருந்தது. வந்து பார்த்துவிட்டுப் போ என்று இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தாள். மழை விடட்டும், வருகிறேன் என்று இரண்டு தடவையும் பதில் சொல்லி அனுப்பினேன். என்னவோ மழையும் அம்மாவும் எனக்காகக் காத்திருப்பார்கள் என்பது மாதிரி.

அன்று காலை ஒன்பதரைக்கு சின்னையன் வந்தான். அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சவுக்குத்தோப்பில் வேலை செய்கிறவன். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூடத் தெம்பில்லாமல் கீழே போட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"யக்கா, அம்மா பூட்டாங்க," என்றான். "விடியறதுக்கு முன்னாலயே. அஸருக்கு எடுக்கணும்ங்கறாங்க. நீ வர்ற வரிக்கும் நிறுத்திப் பாக்கறேன்னு முனீரு சொல்லி அனுப்பிச்சி."

எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கம். அஸர் தொழுகை நாலு மணி வாக்கில். சந்தூக்குப் பெட்டியில் வைத்து ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அதோடு சரி, பெண்கள் பின்னால் போகும் வழக்கம் இல்லை. வீட்டில் வைத்து முகம் பார்த்தால்தான் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கவெல்லாம் இனி நேரமில்லை, முகத்தையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

திருப்போரூர் பக்கம் ஏரி உடைத்துக்கொண்டு ரோடு போய்விட்டது என்று சின்னையன் சொன்னான். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடலோரமாக மணலில் வடக்கே வந்தால்தான் உண்டு. பஸ் எதுவும் ஓடவில்லை. டாக்சி ஸ்டாண்டில் இருந்த இரண்டு பேரும் தண்ணீரில் வண்டி இறங்காது என்று கையை விரித்துவிட்டார்கள். ஜீப் ஒன்றுதான் போகும். எங்கள் ஜீப்போ டாங்கி இல்லாமல் ஷெட்டில் நின்றது. துருப்பிடித்து அடியில் ஒழுகிய டாங்கியைக் கழற்றிக் கருங்குழியில் ஒரு பற்றவைப்புக்காரரிடம் கொடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஷெட்டில் இன்னொரு ஜீப்பும் நின்றது. ரோடு கான்ட்ராக்டர் முத்துசாமியுடையது, அறுபத்தெட்டாம் வருஷ வண்டி. இஞ்சினைப் பிரித்துப் பரப்பி இரண்டு மாசம். டாங்கி மட்டும் புதுசு கலையாமல் இருந்தது. நான் அதைக் கை காட்டினேன்.

"அடுத்தவன் வண்டில ஒரு ஆணி எடுத்தது கெடையாது நான்," என்றார் இவர்.

நான் நேராகப் போய் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து முத்துசாமியின் ஜீப்பில் ஏறினேன். எந்த போல்ட் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட எனக்குத் தெரியாது. சீட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். இவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, அது அந்த போல்ட்டுக்குச் சேராது என்று மட்டும் சொன்னார்.

கழற்றுவது சுலபமாக முடிந்தது. இவரும் சின்னையனும் தூக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தது, கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாட்டுவதுதான் நரகமாகிவிட்டது. எங்கள் வண்டியில் டிரைவர் இடது பக்கம், முத்துசாமி வண்டியில் வலது பக்கம். அந்த டாங்கியின் வாய் வளைந்து உடம்புக்கு வெளியே வருகிற மாதிரி செய்தது. எங்கள் வண்டியில் வைத்தால் வாய் கியர் மேல் இடித்தது. முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பினால் வாய் சரியான பக்கம் வந்தது, ஆனால் அங்கே தகரத்தில் ஓட்டை இல்லை. உளியும் சுத்தியலும் வைத்து இவர் தகரத்தை வெட்டினார். அடியில் இருந்த பள்ளத்தில் டாங்கி உட்காரவில்லை, நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பட்டை சேரவில்லை, துளை சேரவில்லை, பெட்ரோல் குழாயின் மரை சேரவில்லை. எல்லாம் ஜீப்தானே, வருஷம் மாறினால் என்ன என்று நான் கத்தினேன். வருஷம் மாறினால் எல்லாம் மாறும் என்றார், தலையைத் தூக்காமல்.

டின்னைத் தலைக்கு மேலே கட்டி ரப்பர் குழாயில் பெட்ரோலை இறக்கிவிட்டால் என்ன என்று சின்னையன் கேட்டான். அப்படி ஓட்டி மணலில் குலுங்கித் தீப்பிடித்து வெந்தவனை இவர் பார்த்திருக்கிறார், முடியாது என்றுவிட்டார். வண்டிக்கயிற்றைக் கொண்டுவந்தேன். டாங்கியைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார், ஆடாமல் இருக்க சைக்கிள் டியூப்பைத் திணித்தார். குழாய்க்கு ரப்பரை மாட்டிக் கம்பியால் முறுக்கினார். முள்ளுக்கு வரும் ஒயரையும் அந்த டாங்கிக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கும் மிதவையில் சேர்த்துவிட்டார். கை பழக்கம், அரைகுறையாக எதையும் தொங்கவிட மாட்டார். சீட்டு வைக்க இடமில்லை. கோணிப்பையை நாலாக மடித்து டாங்கி மேல் போட்டு அதில்தான் உட்கார்ந்தார். தலை மேல் கூரைக் கம்பியில் முட்டியது.

ஷெட்டில் இருந்த பத்து லிட்டர் டின்னைக் கவிழ்த்தார். வழக்கம்போலக் குச்சியை எடுத்தார். வாய் வளைந்திருந்ததால் குச்சி ஒரு சாண் போய் முட்டிக்கொண்டது. அதைத் திருப்பித் திருப்பி விட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அப்போது மணி பன்னிரண்டேகால். வேலியோரம் குச்சியை எறிந்துவிட்டு ஏறுங்கள் என்றேன். எறியவில்லை, கோணிப்பையோரம் செருகிக்கொண்டார்.

வரும் வழியில் சின்னையன் காலைக் கண்ணாடி கிழித்திருந்தது, டாங்கியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தவனால் அதற்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை. அவனுக்குச் சோறு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி பெட்ரோல் நாற்றம். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். முக்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. பத்து லிட்டருக்கு இது அதிகம் என்று இவர் முணுமுணுத்தார். முத்துசாமியின் பெட்ரோல் உள்ளே இருந்ததே என்றேன். அது அவ்வளவு இருக்காது என்றார். அதற்குள் முதல் பள்ளம் வந்துவிட்டது, பேச்சு நின்றது.

பதினாலு கிலோமீட்டர் தூரத்துத் திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ரோடு எது வயல் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். இவர் முதல் கியரில் புளியமரங்களை மட்டும் பார்த்து ஓட்டினார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்த்தாலும் அழுகை வந்தது. மலை தெரிந்தபோது முள் முக்காலில் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதைத் தாண்டிக் கால் விரற்கடை போயிருந்தது.

ஏறிக்கொண்டிருந்தது. வண்டி ஓட ஓட, பெட்ரோல் கூடிக்கொண்டிருந்தது.

 என் அம்மா செய்கிற வேலை இது என்று நினைத்தேன். மகள் வருகிறாள், அவள் வந்து சேரட்டும் என்று போன பிறகும் பானையில் அள்ளிப் போடுகிறாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்மா என் மேல் கோபமாக இல்லை என்று அந்த முள்ளிலிருந்து தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் அல்லவா? உதட்டுக்குள் ஓதிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரம் வரும்போது மணி இரண்டே முக்கால். ஊர் முனையில் ஒரு பெட்ரோல் பங்க். இவர் வண்டியை உள்ளே திருப்பினார். ஆள் இல்லை, சாப்பிடப் போயிருந்தான். வீடு பக்கம்தான், கூப்பிட்டு வர கால் மணி ஆகும் என்றாள் வாசலில் மீன் விற்ற பெண். இவர் இறங்கினார். குச்சியை எடுத்து அந்த வளைந்த வாயில் மறுபடி விட்டுப் பார்த்தார். முட்டியது. முள்ளைக் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இந்த முள்ள நம்ப முடியாது ஜெய்புன்னிசா. ஆள் வரட்டும், பத்து லிட்டர் போட்டுக்கலாம்."

"அளக்காதீங்க," என்றேன். "எங்க அம்மா மேல ஆணையா சொல்றேன், அளக்காதீங்க. பெட்ரோல் கீது. வண்டிய எடுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் அளக்காமல் கிளம்பியது அன்று ஒரு நாள்தான். குச்சியைச் செருகிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அதற்கு மேல் ரோடு கிடையாது. சவுக்குத்தோப்பு, மணல், நடுவில் நடுவில் கடலுக்கு வழி தேடும் மழைத்தண்ணீர். நாலு சக்கரமும் இழுத்து, கியரை இறக்கி, இஞ்சின் அலறிக்கொண்டே போனது. இரண்டு இடத்தில் இறங்கிச் சவுக்கு மிலாறை வெட்டிப் போட்டுச் சக்கரத்தைக் கிளப்பினோம். நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. முனீர் நிறுத்தி வைத்திருப்பான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். முள் கடைசிக் கோட்டை நெருங்கியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வந்தது.

திருவிடந்தை கோயில் பக்கத்துத் தென்னைகள் தெரிந்தன. அம்மா வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். அங்கே வண்டி இரண்டு தடவை விக்கி நின்றுவிட்டது. முள் முழு டாங்கியைக் காட்டிக்கொண்டிருந்தது.

டாங்கி நிறைய என்று முள் காட்டி, பெட்ரோல் இருக்கிறதென்று பெண்டாட்டியும் அடித்துச் சொல்லியிருக்கும்போது வண்டி நின்றால் மெக்கானிக் என்ன செய்வார்? கோளாறு வேறெங்கோ என்றுதான் தேடுவார். இவர் பானெட்டைத் தூக்கினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார், டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று அதைத் திறந்து என் முந்தானையால் ஒற்றினார். கார்பரேட்டரைப் பிரித்து ஊதினார்.  இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்றுகொண்டே இருந்தார். நானும் இதோ கிளம்பிவிடும் என்று பக்கத்திலேயே நின்றேன். அப்போதே ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். அரை மணி நேரம் அப்படிப் போனது.

கடைசியாக ரப்பர் குழாயைப் பிடுங்கினார். ஒரு சொட்டு வரவில்லை. வண்டியைப் பிடித்து ஆட்டினார், டாங்கியில் சத்தமே இல்லை. நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார்.

"ஏறிகினே வந்துச்சு," என்றேன். "செங்கல்பட்டுலேர்ந்து ஏறிகினே வந்துச்சு."

அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எங்கள் வண்டியின் முள் பழைய கணக்கு, முத்துசாமி டாங்கியின் மிதவை புதுக் கணக்கு. அந்த மிதவை காலி என்று அனுப்பும் மின்சாரத்தை இந்த முள் நிறைவு என்று எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் குறையக் குறைய முள் நிறைவைக் காட்டியிருக்கிறது. இதெல்லாம் அவர் பின்னால் விளக்கியது. அப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"பரக்கத்துன்னு நெனச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, ஓடு என்றார்.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. மணலில் கால் புதைந்தது, தண்ணீரில் புடவை கனத்தது, இரண்டு தடவை விழுந்தேன். யா அல்லா, இன்னும் ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். தோப்பு முடிந்து அம்மா வீட்டுக் கூரை தெரிந்தது. வாசலில் ஆண்கள் ஒருவரும் இல்லை. முற்றத்தில் குளிப்பாட்டிய இடம் மட்டும் ஈரமாக இருந்தது. உள்ளே இருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். 

அடக்கம் செய்யும் கபரஸ்தான் பக்கம் பெண்கள் போவதில்லை. நான் போனேன். கட்டை மண்சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். கடைசி ஆள் குனிந்து மூன்று பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார். மேடு கூடிவிட்டது. முனீர் கையில் மண்ணோடு திரும்பினான், என்னைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு சுவரோரம் வந்தான்.

"அஸர் முடிஞ்சி ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தேன்க்கா," என்றான். "காத்து தெக்கேர்ந்து அடிச்சிகினு இருந்தது. உங்க ஜீப்பு சத்தம் கேட்டுது. வந்துட்டாங்க, யாரும் தூக்காதீங்கன்னு நானே சொன்னேன். அப்புறம் நின்னு பூடுச்சி. கால் மணி பாத்தோம். தோப்புக்கு வந்த வேற வண்டின்னாங்க எல்லாரும். இன்னும் எவ்ளோ நேரம்க்கா வெச்சிகினு இருக்கறது?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா முகம் வெயிலில் எப்படி இருக்கும், வெற்றிலை போடும்போது எப்படி இருக்கும் என்றெல்லாம் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. பெட்ரோல் முள் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

இவர் பின்னால் வந்து சேர்ந்தார். ஒரு கையில் என் செருப்பு. முனீருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அவர் மேல் திரும்பியது. வண்டி ஏன் நின்றது என்று கேட்டான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார். மாமல்லபுரத்தில் பங்க் இருக்கிறதே என்றான். இவர் குனிந்து செருப்பை என் காலடியில் வைத்தார்.

"பெரிய மெக்கானிக்கு. கெளம்பறதுக்கு முன்னால டாங்கில எவ்ளோ கீதுன்னு பாக்கத் தெரியாதா மச்சான்?"

சுற்றி ஊர் ஆட்கள் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மறந்துட்டேன்," என்றார்.

அளக்காமல் ஒரு அடி நகராத மனுஷன். ஊர் முன்னால் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே முத்துசாமியின் டாங்கியைத் துடைத்து அவர் வண்டியில் மாட்டி, கேட்காமல் எடுத்ததைச் சொல்லிவிட்டார். எங்கள் பழைய டாங்கி கருங்குழியிலிருந்து வந்தது. வெட்டிய தகரத்தை ஒட்டுப்போட்டார். கல்யாணம் காட்சி என்று கிளம்பும்போது சீட்டைத் தூக்கிக் குச்சியை விடுகிறார். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் பேசாமல் நிற்கிறேன். வீட்டில் அரிசியை உழக்கால் அளந்துதான் போடுகிறேன்.

முனீர் வீட்டில் இப்போதும் பெருநாளுக்கு எல்லாரும் கூடுவோம். கோபமெல்லாம் என்றைக்கோ போய்விட்டது, கிண்டலாகிவிட்டது. சாப்பிட உட்காரும்போது யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள், பெட்ரோல் போட்டுக்கினு வந்தியா மச்சான் என்று. பந்தி முழுக்கச் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அவர் இலையில் சோற்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறேன்.